வடக்குச் சுவரும் உன் பெயரும்

துவைத்த கம்பளி ஒன்று மழையில் காயாமல் இன்று காலை வீட்டுக்குள்ளேயே கிடந்து வாடை அடித்தது. மலைமேல் வில்பட்டி சாலையில் நாம் கட்டிய முதியோர் இல்லத்துக்குள் முதல் மார்கழியில் நுழைந்தபோது அடித்த அதே வாடை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்த இல்லத்தை முழுக்க நீதான் வரைந்தாய். நம் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அது தெரியும். பல காலைகள் வெறும் மனையில் போய் நின்று, வெயில் எங்கே முதலில் விழுகிறது, எங்கே விழுவதே இல்லை என்று குறித்துவந்தாய். தெற்கிலும் கிழக்கிலும் அகல ஜன்னல்கள் வைத்தாய். உள்ளே தள்ளியிருக்கும் கட்டிலுக்கும் பகல் வெளிச்சம் எட்டவேண்டும் என்று கூரைக்கு அடியில் நீளமாக ஒரு திறப்பு. வடக்கில் மட்டும் குளிரைத் தடுக்க நடுவே காற்றிடைவெளி விட்ட இரட்டைச் சுவர், சின்ன ஜன்னல்கள்.

"மார்கழியில வடக்க வெயிலே விழாதுலே. படுத்துக் கெடக்குறவங்களுக்கு வெயிலு காலடிக்கு வரணும்ல" என்றாய்.

உன் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு வாரம் மதுரையில் இருந்தாயே, அப்போதுதான் இல்லத்தின் நிர்வாகி வந்தார். வடக்கே பள்ளத்தாக்கு அவ்வளவு அழகாகத் தெரிகிறது, அதைச் சுவர் வைத்து மறைப்பானேன் என்று கேட்டார். நான் உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் செய்யவில்லை. உன் வரைபடத்தில் சுவரை எடுத்துவிட்டுத் தரையிலிருந்து கூரை வரை ஒற்றைக் கண்ணாடி போட்டேன். கட்டில்களை அதன் ஓரம் தள்ளினேன். தெற்கு ஜன்னல்களைச் சுருக்கி அலமாரிகள் வைத்தேன். நிர்வாகி என் தோளில் தட்டிக்கொடுத்தார். வரைபடத்தின் மூலையில் உன் பெயர் அப்படியே இருந்தது.

நீ திரும்பியதும் அடுக்கம் கிராமத்தில் வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி ஏறிய பிறகுதான் பார்த்தாய். யார் கேட்டது என்றாய். நிர்வாகி கேட்டார் என்றேன். பாதி உண்மை.

குளிர் வந்ததும் விடிகாலையில் கண்ணாடி முழுக்க நீர் கோத்து வழிந்தது. கட்டில் விரிப்புகள் நனைந்தன. தாங்க முடியாமல் அங்கிருந்த வயதான பெண்கள் கண்ணாடிமேல் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். பிறகு பகலிலும் விளக்கு எரிந்தது, ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். யார் வரைந்தது என்று நிர்வாகி கேட்டார். மாற்றியது நான் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் வாய் திறக்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்:

"படத்துல எம் பேருதாங்க இருக்கு. நானே சரி பண்ணிக் குடுத்துர்றேன்."

உன் வேலை போனது. போன பிறகும் தினமும் அங்கே சென்றாய். கண்ணாடியில் முக்கால் பங்கை அடைத்துச் சுவர் எழுப்பினாய், மிச்சத்துக்கு இரட்டைக் கண்ணாடி போட்டாய், தெற்கைத் திறந்துவிட்டாய். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது சாரத்தின் மேல் உன்னைப் பார்ப்பேன். ஒருநாளும் இறங்கவில்லை. பிறகு பஜாரில் எதிர்ப்பட்டபோதும் நீதான் முதலில், "ஏலே, நல்லாருக்கியா?" என்றாய்.

போன மாதம் வில்பட்டியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தோட்டத்துத் தொட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே சொன்னார்:

"பாத்து வரைஞ்சிருந்தா வேல போயிருக்குமான்னு அவர நான் ஏசாத நாளில்லைங்க. கடைசிவரைக்கும் எங்கிட்டக்கூடச் சொல்லலையே மனுசன்."

உன் வீட்டில் உன்னைக் காப்பாற்றக்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவரு இருக்கையில ஏங்க வரல?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் மிச்சக் கேரட்டைக் கழுவிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதில் எனக்குத் தெரியும். நீ ஒரு சொல்லும் கேட்காமல் மன்னித்துவிடுவாய், அதை என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன். அதை அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்; அவர் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.