கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு

பத்துபஸ்தி,
போர்ட் பிளேயர்.
(ஸ்ரீ விஜயபுரம் என்றுதான் இனி எழுத வேண்டுமாம். கை இன்னும் பழகவில்லை.)
12.11.2025

அன்புள்ள வைஜெயந்திக்கு,

பக்கத்து வீட்டு ஜெபக்கனி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் தம்பியும் மகள் கவிப்ரியாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியிடம் உன் விலாசத்தை வாங்கினேன். பதினொரு வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய்.

நீங்கள் இருந்த வீட்டில் இப்போது ஒரு பெங்காலிக் குடும்பம். நல்லவர்கள். தண்ணீர் இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். குழாயில் காற்று சீறத் தொடங்கியதும் "அக்கா, பானி ஆ கயா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாயே, அந்தச் சத்தம் இல்லாமல் இப்போதெல்லாம் எனக்குப் பாதி நாள் வாளி நிறைவதில்லை.

எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார். சின்ன வயசு. போன ஞாயிறு பிரசங்கத்தில், இந்த மாதம் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டாரிடம் ஆண்டவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். எப்படிப் பேசுவது என்று மூத்தவள் நான் எழுந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார். வசனமெல்லாம் குறித்து வைத்துக்கொண்டுதான் போனேன். எழுந்து நின்றதும் உன் முகம்தான் வந்தது.

சுனாமியைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வேலைக்காகத் தெற்கே நிக்கோபார் தீவில், காம்ப்பெல் பேயில் இருந்தார். ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. தினமும் காலையில் "சலோக்கா, ஜெட்டிக்குப் போயிட்டு வரலாம்" என்று கவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீதான் கிளம்புவாய். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் நாம் பார்த்து நின்றதை மறப்பேனா? அந்த ஞாயிறு சபைக்கும் கூடவே வந்தாய். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். "உங்க சாமிகிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியாதுக்கா. நீ கேளு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றாய். பத்தாம் நாள் அவர் கப்பலில் வந்து இறங்கினார்.

அதன்பிறகு நான் செய்ததையும் சபையில் மறைக்கவில்லை. கவி பத்தாவது படிக்கும்போது காய்ச்சல் முற்றி, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் சபைப் பெண்கள் மூன்று பேரோடு வந்து உன்னைச் சுற்றி நின்றேன். வீட்டில் இருக்கிற சாமி படங்களை எடுத்துவிட்டு எங்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டால்தான் பிள்ளை பிழைக்கும் என்று சொன்னது இந்த வாய்தான். நீ சண்டை போடவில்லை. "என் பிள்ளை கண்ணத் திறக்கட்டும். இப்ப இதப் பேசாதீங்க" என்றாய். அதுவரை என்னை 'நீ' என்று கூப்பிட்டவள், அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து 'நீங்க' என்றாய்.

கவி பிழைத்தாள். நான் அவளைப் பார்க்க வரவில்லை. இரண்டு மாதத்தில் தம்பிக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. நீங்கள் சாமான் ஏற்றிக்கொண்டு போன அன்று, நான் வீட்டுக்குள் கதவின் பின்னால்தான் நின்றிருந்தேன், வைஜெயந்தி. ஆட்டோ திரும்புகிற சத்தம்வரை கேட்டுக்கொண்டு.

நான் பேசி முடித்தேன். பிறகு ப்ரியங்கா என்ற பெண், "அப்ப நாம பேசவே கூடாதா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "பேசணும்மா. எனக்கு இவ்வளவு ஆறுதல் தந்தவரப் பத்தி நான் எப்படிப் பேசாம இருப்பேன்? ஆனா பயந்து நிக்கிறவளப் பிடிச்சு உலுக்கக்கூடாது. அவ கஷ்டத்துல கூட நில்லு. அவ கேக்கிற அன்னிக்குச் சொல்லு" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் போதகர் என்னிடம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இத அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது. உனக்கு ஒரு வரி எழுத முடியவில்லையே.

என்னை மன்னித்துவிடு. என் விசுவாசத்துக்காகக் கேட்கவில்லை, அது என் உயிர். அதை உன் பிள்ளையின் கட்டிலருகே கல்லாக எடுத்து எறிந்தேனே, அதற்காகக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் போன வருஷம் ஆடியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உனக்குச் சொல்லியனுப்ப எனக்கு முகம் இல்லை. சபையார் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்படியும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போகிறேன். மதுரையிலிருந்து பஸ். அது உங்கள் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகும் என்றார் வெள்ளைச்சாமி. நான் அங்கே இறங்கட்டுமா? ஒரு கார்டில் 'இறங்கு' என்று எழுதினால் போதும். 'இறங்குங்க' என்று எழுதினாலும் இறங்குவேன். ஒன்றும் வராவிட்டால் உங்கள் ஊர் தாண்டும்வரை கண்ணை மூடி, உங்கள் மூவரின் பெயரையும் சொல்லிக்கொண்டே போவேன்.

கவி தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாகச் சொல். அவளுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

என்றும் உன்
ஜெபக்கனி அக்கா