படத்தில் எங்கள் கார்

ஒக்ரோபர் 14, 2025, செவ்வாய்

கார் இவருடைய பெயரில். அதனால் கடிதமும் இவருக்கே வந்தது. நகரசபையின் தண்டச்சீட்டு இல்லை. ஏதோ தனியார் பார்க்கிங் கொம்பனி. செப்ரெம்பர் 27, சனிக்கிழமை, மோர்னிங்சைட்டில் ஒரு கடைப் பிளாசாவின் கார்த் தரிப்பிடம். காசு கட்டிய நேரத்துக்கு மேல் நாற்பது நிமிடம் நின்றதாம். தொண்ணூறு டொலர் கேட்கிறார்கள்.

"அண்டைக்கு நீர் இஞ்ச அஜக்ஸில கோயிலுக்கெல்லோ போனனீர்?"

"ஓம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் போனது மகள் சிவானியிடம்.

ஒக்ரோபர் 15

மகள் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு மின்வேலை பழகப் போய் இரண்டு வருடம். "வயர் இழுக்கவோ உன்னைப் பெத்தனாங்கள்?" என்று இவர் கேட்ட அன்று வெளியேறியவள். மாதம் ஒருமுறை ஒளித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒக்ரோபர் 17

இவருக்குக் கோபம் அடங்கவில்லை. "கார் அங்க போகவே இல்லை. எங்கட நம்பரை ஆரோ களவாப் போட்டுக்கொண்டு ஓடுறாங்கள். எழுதிக் கையெழுத்து வைக்கப்போறன்."

ஒரு பொய்க்கும் கையெழுத்து வைக்காத மனிதர். இப்போது என் பொய்க்கு - கடவுளே.

ஒக்ரோபர் 18

சட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் றஜிதாவிடம் போனில் கேட்டேன். கட்டத்தான் வேண்டுமா?

"உது பொலிஸ் டிக்கெட் இல்லை, அன்ரி. கொம்பனி அனுப்பின பில் மாதிரி. கட்டமாட்டன் எண்டு மறுக்கலாம். அவை கோர்ட்டுக்குப் போனாலும் போகலாம், அங்க அவைதான் நிரூபிக்கோணும். ஆனா கார் நிக்கேல்லை எண்டு மட்டும் எழுதிக் குடுக்காதேங்கோ. படம் வச்சிருப்பினம்."

படம்!

ஒக்ரோபர் 19, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று போனேன். இவர் ஏற்கெனவே கம்பியூட்டர் முன்னால். கடிதத்தில் இருந்த இணைய முகவரியைத் திறந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கார். பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு நான். எனக்கு எதிரே, வேலைச் சப்பாத்தோடு சிவானி.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கட்டியதை, நேரம் முடிய இன்னும் கட்டவென்று ஓடிவந்தபோது காசு போடும் மெஷின் வேலை செய்யாததை, அப்படியே விட்டுவிட்டு அவளோடு நின்றதை, இரண்டு வருடமாய் மறைத்ததை. கத்துவார் என்று காத்து நின்றேன். கத்தவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார், படத்தில் அவள் முகம் மங்கும்வரை.

"மெலிஞ்சு போனாள், என்ன?"

எழும்பிப் போய்விட்டார்.

ஒக்ரோபர் 22

எழுதி வைத்திருந்த மறுப்பைக் கிழித்தார். புதிதாக எழுதினார்: கார் நின்றது உண்மை, ஓட்டியது மனைவி, கட்டப் போனபோது மெஷின் பழுது, ஆகவே தண்டம் கட்ட மாட்டோம். வாசித்துக் காட்டி, "சரியோ?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். சிவானியின் பெயர் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமோ?

நவம்பர் 8, சனி

கொம்பனியிடமிருந்து பதில் இல்லை. விட்டுவிட்டார்களோ, வழக்குப் போடுவார்களோ, தெரியாது.

இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பேஸ்மென்ட் லைற் விட்டு விட்டு எரியுது."

"ஆரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோவன்."

"அவளுக்கு எப்ப லீவெண்டு கேளும்."

ஈரக் கையோடேயே போனை எடுத்தேன்.