பேசின் தண்ணியில் அலை

4 நவம்பர், செவ்வாய்

விடியத் தொடங்கின தூறல். அளவெட்டியிலையிருந்து வந்த பஸ் பிந்தி, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலை மற்ற பஸ்ஸும் போயிட்டுது. பள்ளிக்கூடம் போய்ச் சேர மணி அடிச்சாச்சு. செருப்பெல்லாம் சேறு.

நாலாம் ஆண்டுக்குச் சமநிலைப் பாடம். போத்தல் வேலை நல்லாய்ப் போனது. வெறும் போத்தல் விரலாலை தட்ட விழும். அடியிலை கொஞ்சம் தண்ணி விட்டால் ஆடும், விழாது. நான் சொல்லாமலே கண்டுபிடிச்சுதுகள்.

நாளைக்கு: ரெஜிபோம் துண்டு (தண்ணியிலை மிதக்கிற வெள்ளை மீன் பெட்டி மூடி, பிள்ளையளே கொண்டு வரும்). களிமண். எங்கடை நீலப் பேசின். கடற்கரைப் பிள்ளையள், போட் எண்டால் விருப்பமாய்ச் செய்யுங்கள்.

இவர்: "பேசினைக் கொண்டு போனால் உடுப்பை எதிலை ஊறப் போடுறது?"

5, புதன்

பேசினோடை பஸ்ஸிலை. கொண்டக்டர் கேட்டான், "ரீச்சர், மீன் வாங்கவோ?" எல்லாரும் சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான். காலமை சந்தோசமாய் இருந்தனான்.

ஒடுக்கமாய் வெட்டின ரெஜிபோம்தான் போட். களிமண்ணிலை ஆக்கள். ஆக்கள் குந்தி இருந்தால் போட் கவிழாமல் நிக்குது. எழும்பி ஒரே பக்கம் நிண்டால் கவிழுது. வகுப்பு முழுக்கக் கத்தல். "கவிண்டிட்டுது! கவிண்டிட்டுது!" பக்கத்து வகுப்பிலை இருந்து எட்டிப் பார்த்தவை.

ஜெனிற்றா மட்டும் கத்தேல்லை. மெல்லிசான பிள்ளை, கதை குறைவு. ரெண்டு ஆக்கள் செய்து தன்ரை போட்டிலை வைச்சாள். ஒராளை மட்டும் நிறுத்தினாள். போட் சரிஞ்சுது, கவிழேல்லை. மற்ற ஆளையும் அதே பக்கம் நிறுத்தினாள். கவிண்டுது. திருப்பியும். திருப்பியும்.

"ரீச்சர், ஒராள் எழும்பாமல் இருந்திருந்தால் கவிண்டிருக்காது, என்ன?"

"ஓம்! கெட்டிக்காரி!" எண்டன். எல்லாரையும் கை தட்டச் சொன்னன்.

நான்தான் கை தட்டச் சொன்னது.

இடைவேளைக்குப் புஷ்பம் ரீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஒழுங்கையிலை இருக்கிறவ, தேத்தண்ணியைக் கையிலை வைச்சுக்கொண்டு கேட்டா. "உமக்குத் தெரியாதே? உவளின்ரை தேப்பன் போட் கவிண்டுதான் செத்தவர். போன மாரியிலை. ரெண்டு பேர் போனவை. தேப்பனும் தேப்பன்ரை தம்பி யூட்டும். யூட் மட்டும்தான் வந்தவன்."

நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இன்னும் ஒரு தவணை முடியேல்லை. தெரியாது. ஒருதரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

6, வியாழன்

ஜெ. வரேல்லை. "காய்ச்சலாக்கும்" எண்டா பு. ரீச்சர். மழைக்கு வேறை பிள்ளையளும் வரேல்லைத்தான்.

தமிழ்க் கொப்பி திருத்த வேணும். ஒண்டும் ஓடேல்லை.

7, வெள்ளி

ஜெ.யின்ரை தாய் வந்தவ. தலை நனைஞ்சு. சண்டைக்கு வந்திருக்கிறா எண்டு நினைச்சன். கதிரையிலை இருக்கச் சொல்லியும் இருக்கேல்லை.

புதன் பின்னேரம் பிள்ளை வீட்டுப் பேசினிலை போட் விட்டிருக்கிறாள். யூட் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவனாம். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். காட்டிப்போட்டு, "சித்தப்பா, நீங்களும் எழும்பினனீங்களோ?"

சோத்துக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போனவன், இன்னும் வீட்டை வரேல்லையாம். ஃபோனும் வேலை செய்யேல்லை.

"உந்தக் கேள்வியை நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை ரீச்சர். நெஞ்சுக்குள்ளை கிடந்தது, கேக்கேல்லை. எங்களுக்கெண்டு வீட்டிலை இருக்கிறது அவன் ஒருத்தன்தானே. பிள்ளை கேட்டுப்போட்டாள்."

நான் மன்னிப்புக் கேட்டன். அவவுக்கு அது தேவைப்படேல்லை.

"நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கோ, அலைதான் கவிட்டதெண்டு. நான் சொன்னால் நம்பிறாளில்லை. ரீச்சர் சொன்னால் நம்புவாள்."

ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

8, சனி

விடாத மழை. கிணறு நிரம்பி வருது. உடுப்பு ஒண்டும் காயேல்லை, வீடு முழுக்க ஈர மணம்.

இவர் சொல்லுறார், "அலையும் கவிழ்க்கும்தானே. பொய் இல்லையே." பொய் இல்லைத்தான்.

குசினிக்குள்ளை பேசினை வைச்சுச் செய்து பார்த்தன். குந்தி இருக்கிற ஆக்களை வைச்சுக் கையாலை அலை. சின்ன அலைக்கு ஆடுது, நிமிருது. நல்லாய் அடிச்சால்தான் கவிழுது. பேசின் தண்ணி பாதி நிலத்திலை. இவர் துணி எடுத்துத் துடைச்சுவிட்டார்.

எங்கை போயிருப்பான் யூட். அது ஒண்டுதான் ஓடுது. இந்த மழைக்குக் கடற்கரைப் பக்கம் நிண்டால். நான் அவனைக் கண்டதே இல்லை.

10, திங்கள்

ஜெ. வந்தாள். இடைவேளைக்கு வகுப்பிலை அவளும் நானும் பேசினும் மட்டும்.

"இங்கை பார் பிள்ளை, இவை ரெண்டு பேரும் இருக்கினம். எழும்பேல்லை. இப்ப அலை வருது." அடிச்சன். கவிண்டுது. "பார்த்தியே? இருந்தாலும் கவிழும்."

அவள் போட்டைப் பார்க்கேல்லை. என்ரை கையைப் பார்த்தாள்.

"ரீச்சர், நீங்கள் பலமாய் அடிக்கிறியள்."

கையைத் தண்ணியிலை இருந்து எடுத்தன். முழங்கை வரைக்கும் ஈரம். பிறகு உள்ளதைச் சொன்னன். "அண்டைக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது, ஜெனிற்றா. உந்தப் பேசினைப் பார்த்துச் சொல்லவும் ஏலாது. நான் அங்கை நிக்கேல்லைத்தானே."

"சித்தப்பா நிண்டவர்."

"ஓம்."

"நான் சித்தப்பாவை ஏசத்தான் கேட்டதெண்டு அம்மா நினைக்கிறா. நான் ஏசக் கேக்கேல்லை."

தாய்க்குக் குடுத்த சொல்லைக் காப்பாத்தேல்லை.

11, செவ்வாய்

பு. ரீச்சர் வாசலிலையே சொன்னா: யூட் மாதகலிலை, தமக்கை வீட்டை. சுகமாய் இருக்கிறானாம். கதவைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டன்.

அதிபர்: சோதினை கிட்டுது, விளையாட்டைக் குறையுங்கோ. சரி எண்டன்.

12, புதன்

பள்ளிக்கூடம் விடேக்கை கேற்றடியிலை ஒருத்தன். இருபத்தைஞ்சு வயசு இருக்கும். தாடி. "நான் யூட்" எண்டான். என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக் கதைச்சான்.

"நீங்கள் படிப்பிச்சது சரிதான் ரீச்சர். வலை கல்லிலை மாட்டிப்போச்சு. அண்ணை எழும்பி இழுத்தவர். 'நீ இரடா, எழும்பாதை' எண்டவர். எனக்குக் கேட்டது. தனிய இழுக்கேலாமல் நிக்கிறாரெண்டு நானும் எழும்பினன்."

அலை வந்ததோ எண்டு கேக்க வாய் உன்னினது. கேக்கேல்லை.

ஜெ. வெளியிலை வந்தாள். ஓடியும் வரேல்லை, ஒளிக்கவும் இல்லை. அவன் குந்தியிருந்து, எனக்குச் சொன்னதை அப்பிடியே அவளுக்கும் சொன்னான். 'எனக்குக் கேட்டது' எண்டதையும் விடேல்லை.

"அப்பாக்கு உதவி செய்யவோ எழும்பினனீங்கள்?"

"ஓம்."

அவள் பள்ளிக்கூடப் பையைக் கழட்டி அவனிட்டைக் குடுத்தாள். ரெண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்திச்சினம். தாயை நினைக்க எனக்குப் பயம்.

13, வியாழன்

வெயில். கன நாளைக்குப் பிறகு.

ஜெ. வந்தாள். கேக்கக்கூடாதெண்டு இருந்தன், கேட்டுப்போட்டன். "வீட்டிலை எப்பிடி?"

"சித்தப்பா அம்மாக்கும் சொன்னவர். அம்மா அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டா."

"பிறகு?"

"பிறகு வந்து கோப்பையிலை சோறு போட்டு மூடி வைச்சவ. சித்தப்பா சாப்பிடேல்லை. அம்மாவும் சாப்பிடேல்லை. நான் நித்திரையாய்ப் போனன்."

காலமை பார்க்கக் கோப்பை கழுவிக் கவிட்டு வைச்சிருந்ததாம். ஆர் சாப்பிட்டதெண்டு தெரியாதாம்.