ஓரம் வெட்டிய துணி

அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம் துக்கமல்ல, கோபம். யார் யார் மேல் என்றால் பட்டியல் நீளம். அதில் உங்கள் பெயரும் இருக்கிறது.

போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. வேறு யாரிடம் சொன்னாலும், எனக்கே விளங்காததை அவர்கள் எனக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பத்திரிகையில் இதைக் கூடவே படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, ஒரு சந்துக்குள் இருந்த சின்ன கிறிஸ்தவ ஆலயத்தில் அப்பா ஆராதனை நடத்தும் உபதேசியாராக இருந்தார். கம்பெனிகள் கழித்துப் போடும் வெள்ளை பனியன்களைக் கேட்டு வாங்கி வருவார். அம்மா அவற்றைக் கொதிக்க வைத்து அலசிக் காயப்போடுவாள். அப்பா கத்தரியோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் தையல் ஓடும் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மடித்து வைப்பார். சனிக்கிழமைதோறும் மொபெட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கொடுத்து வருவார். கீழே விரிக்க, துடைக்க, மாற்ற.

ஓரத்தை எதற்கு மெனக்கெட்டு வெட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “உக்காந்திருக்கறவனுக்குத் தையல் தெரியாது கண்ணு. படுத்துக் கெடக்கறவனுக்கு அது கயிறு” என்றீர்கள்.

சுற்று வட்டார ஆலயங்களை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. துணியோடு வேத வசனம் அச்சடித்த ஒரு கைப்பிரதியாவது வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். “ஈரமாகற துணிங்க. காகிதம் முதுகுல ஒட்டிக்குமுங்க” என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். உங்கள் வருட அறிக்கையில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவீர்கள். அடுத்த வருடமும் ‘இல்லை’. கடைசியில் அந்த ஆலயத்தைப் பெரிய ஆலயத்தோடு சேர்த்துவிட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்காகவும் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

உங்கள் அடக்க ஆராதனைக்கு வந்தவர்கள் இரண்டு வரிசை. நீங்கள் துணி கொடுத்த யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? எழுந்து வர முடிந்தவர்களுக்கு உங்கள் துணி எதற்கு? கல்லறைத் தோட்டத்து வாசலில் கமிட்டிப் பெரியவர் என் தோளில் கை வைத்து, “நல்ல மனுசனுங்க தம்பி. பலன்னு ஒண்ணத்தப் பாக்காமயே போயிட்டாரு பாருங்க” என்றார். அன்றிலிருந்து அவர் எதிரில் வந்து ஸ்தோத்திரம் சொன்னால் நான் கைபேசியைப் பார்க்கிறேன்.

ஆனால் அவர் சொன்னது பொய் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வீட்டுக்குப் பின்னால் நீங்கள் துணி வைத்திருந்த ஷெட்டைக் காலி செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். மூன்று மூட்டைகள் இருந்தன. இரண்டில் நீங்கள் வெட்டி மடித்தவை. மூன்றாவது மூட்டை வெட்டாதது.

அந்த மூன்றாவது மூட்டையைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் படுத்திருந்த கடைசி மூன்று வாரத்தில், கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் அதிலிருந்துதான் எடுத்து விரித்திருக்கிறேன். பார்த்துக்கொள்ள வந்த செவிலிப்பெண் உங்களைத் திருப்பிப் போட்டபோது என்னைக் கூப்பிட்டாள். முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை, ஓவர்லாக் தையல் அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு அப்போது பேச்சு நன்றாகவே இருந்தது. ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ விரிச்சது தான கண்ணு.”

இந்த ஊரில் தையலின் அருமை பெருமை எல்லோருக்கும் தெரியும். அது முதுகில் என்ன செய்யும் என்று அறிந்த ஒரே வீட்டில் பிறந்தவன் நான். அந்தத் தவறை நான்தான் செய்தேன்.

மூட்டைகளைக் கழிவுத் துணி வாங்கும் வேஸ்ட் குடோனுக்குக் கொண்டுபோனேன். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுவதுதான் எண்ணம். வொர்க்‌ஷாப்புகளில் எண்ணெய் துடைக்கப் போகும் துணியைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் உங்கள் மூட்டையை அவிழ்த்துக் கூடையில் கொட்டப்போக, பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் முத்துலட்சுமி என்று பிறகு தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

“ஏ பிள்ள, அதக் கொட்டாத. அது ஓரம் வெட்டுன துணி.”

குடோன்காரர் சிரித்தார். “எண்ணெய் தொடைக்கற துணிக்கு இத்தன பவுசாங்க?” என்றார். அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு துணியை விரித்து, நான்கு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள்.

நான் விசாரித்தேன். அவர்கள் லைன் வீட்டில் ஒரு வடநாட்டுப் பெரியவர் இடுப்பு முறிந்து கிடக்கிறாராம். மகன் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் இவர்கள் நாலைந்து பேர்தான் முறை வைத்து, ஓரம் வெட்டிய துணியாக மாற்றுகிறார்களாம். ஓரம் வெட்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

“முன்னால எங்க லைன்ல இருந்த மூலனூர் அக்கா. அவ மாமியாரு கெடந்தப்போ பழகுனதாம். அவளுக்கு யாரு சொன்னாவளோ, நான் கேக்கல சார்.”

உபதேசியார், மொபெட், ஆலயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். இதை வெட்டியது யார் என்று அவள் கேட்டாள். என் அப்பா என்றேன்.

“நல்லா வெட்டிருக்காவ. கழுத்துப் பட்டியிலகூட ஒரு நூலு நிக்கல.”

வெட்டிய இரண்டு மூட்டைகளையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வெட்ட நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி நாள் வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். அதை மட்டும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது சொல்லுங்கள் அப்பா. அந்த மூலனூர்ப் பெண்ணின் மாமியாருக்கு நீங்கள் துணி கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் யார் பெயரையும் எழுதி வைக்கவில்லை. ஷெட் முழுக்கத் தேடிவிட்டேன். ஒருவேளை உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஈரமான மனசும் கத்தரியும் இருக்கிற யாருக்கும் இது தோன்றக்கூடியதுதானே?

அல்லது அது உங்களிடமிருந்தே போனதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பெயரும் அங்கே இல்லை, உங்கள் ஆண்டவர் பெயரும் இல்லை. கமிட்டிப் பெரியவர் இதைப் பலன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? இல்லை, அந்தப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆலயத்துக்கு வரமாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கித்தான் இருந்தீர்களா? என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இதைப் படிக்கும் சபை ஊழியர்களில் யாராவது இந்த வருடமும் அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கலாம். அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஜெபிப்பதைக்கூட நான் குறைத்துவிட்டேன். ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. விதைத்தவர் கண்ணில் படாத தூரத்தில் எதுவோ முளைக்கிறது. அது அவர் போட்ட விதைதானா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் ஒரு பெரியவரின் முதுகு புண்ணாகாமல் இருக்கிறது. அதை என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

நேற்று மூன்றாவது மூட்டையைப் பிரித்தேன். உங்கள் கத்தரி என் கைக்குப் பொருந்தவில்லை. நாலாவது பனியனிலேயே கட்டைவிரல் கொப்புளித்துவிட்டது. கழுத்துப் பட்டியை எப்படி அவ்வளவு சுத்தமாக எடுத்தீர்கள் என்று இன்னும் பிடிபடவில்லை.

கமிட்டிப் பெரியவரிடம் நான் பேசப் போவதில்லை, அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வருகிற சனிக்கிழமை முத்துலட்சுமியின் லைன் வீட்டுக்குப் போகிறேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். பலன் எங்கே என்று உங்களிடமும் உங்கள் ஆண்டவரிடமும் கேட்டுக்கொண்டேதான் வெட்டுவேன். ஆனால் இனி என் கையால் விரிக்கும் எந்தத் துணியிலும் தையல் இருக்காது.

உங்கள் முதுகை மறக்க முடியாத
உங்கள் மூத்த மகன்