நனைக்காத டிப்

பூந்தமல்லி
20.5.2025

வர்ஷாவுக்கு,

நலம் கேட்க மனமில்லை. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

ஆறு வருடம் அந்த ரத்தப் பரிசோதனை லேபில் ஒரே மேசையில் பிப்பெட் பிடித்தோம். பிப்பெட் முனையில் செருகும் புது டிப்பை முதலில் ஒருமுறை சீரத்தை உறிஞ்சி நனைத்து, அதை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது தரம் உறிஞ்ச உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் தண்ணீர் மாதிரி ஓடாது, டிப்பின் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அளவு குறையும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! பிப்பெட் ரோபோ வந்ததும் நீ வெறும் தண்ணீரை வைத்தே அதைப் பழக்கினாய். "மெஷினுக்கு இன்னாத்துக்குடி இந்தச் சடங்கெல்லாம்?" என்று சிரித்தாய்.

பருத்திப்பட்டு தங்கவேல் அண்ணனின் சர்க்கரையை அது குறைத்துக் காட்டியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். சர்க்கரை ஏறி, காலில் இருந்த புண் ஆறாமல் விரலையே எடுத்தார்கள். மே ஒன்பதாம் தேதி புகார் வந்தது. பதினைந்தாம் தேதி விசாரணையில் மேனேஜர் கஜபதி சாரிடம், "மெஷின் சரியாத்தான் இருக்கு சார், அலீனாதான் சாம்பிளை மாத்தி வெச்சிருப்பா" என்றாயே, நாக்கு கூசவில்லையா? என் வேலை போனது. அண்ணனின் மனைவி பேபி அக்கா நடுத்தெருவில் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்.

நடந்ததைச் சாரிடம் சொல்.

அலீனா

*

வேலப்பன்சாவடி
26.5.2025

அன்புள்ள அலீனா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அந்த மெஷினை வாங்கச் சொன்னதே நான்தான். அதன்மேல் தப்பு என்றால் என்னைத்தான் வெளியே அனுப்பியிருப்பார்கள். உன் கைக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

இனி யாருக்கும் இப்படி ஆகாது. புகார் வந்த அன்று மாலையே டிப்பை நனைக்கும் வேலையை மெஷினில் சேர்த்துவிட்டேன். இப்போது சரியாக வருகிறது. கொஞ்ச நாள் போகட்டும், சாரிடம் நானே பேசுகிறேன். கோபம் தணிந்ததும் ஒரு வரி எழுது.

உன் வர்ஷா

*

பூந்தமல்லி
30.5.2025

வர்ஷா,

புகார் வந்த அன்று மாலையே சேர்த்தாயா? அப்படியென்றால் ஒன்பதாம் தேதியே உனக்கு எல்லாம் தெரியும். ஆறு நாள் கழித்து, தெரிந்தே என்னைக் கைகாட்டினாய். உண்மையிலேயே பயத்தில் உளறியிருந்தால் மன்னித்துக்கூட இருப்பேன்.

உன் கடிதத்தின் நகலை கஜபதி சாருக்கு அனுப்பிவிட்டேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன். "இன்னா மூஞ்ச வெச்சிகினு எங்க ஊட்டாண்ட வந்தே?" என்று பேபி அக்கா வாசலிலேயே நிறுத்தினார். கடிதத்தை நீட்டினேன். அண்ணனுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். 'இப்போது சரியாக வருகிறது' என்ற இடத்தில் நிறுத்தி, அண்ணனின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அப்புறம் உள்ளே கூப்பிட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

கடிதம் அவரிடமே இருக்கிறது. இனி எனக்கு எழுதாதே. நீ பதில் எழுத வேண்டிய முகவரி:

பேபி தங்கவேல்,
ஏரிக்கரைத் தெரு,
பருத்திப்பட்டு.

அலீனா