சபைக்கு எழுதாதது

சபைக்குச் சகோதரியும் எனக்கு மனைவியுமானவளுக்கு,

ஊழியத்துக்குப் போன தேசத்திலிருந்து நீ சபைக்கு எழுதிய கடிதத்தைப் போதகர் ஞாயிறு ஆராதனையில் வாசித்தார். ஒரு குடும்பம் ஞானஸ்நானம் பெற்றதில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வரியில் உனக்கு மலேரியா, ஜெபியுங்கள் என்று இருந்தது. அதே தபாலில் எனக்கு வந்த கடிதத்தில் நீ நலம்!

பக்கத்தில் இருந்த டெய்லர், "என்னண்ணே, உங்களுக்கே தெரியாதா?" என்றான்.

"ஏன் தெரியாம?" என்றேன். ஆலயத்துக்குள்ளேயே பொய். பிறகு எல்லோரோடும் சேர்ந்து சத்தமாக ஆமென் சொன்னேன்.

காய்ச்சல் விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

உன் ஊழியத்துக்கு நான் என்றைக்கும் குறுக்கே நின்றதில்லை. இனி அடுப்பில் கை சுட்டால்கூட முதலில் எனக்கு எழுது. ஜெபிக்கச் சபை இருக்கிறது. கவலைப்படவாவது என்னை விடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்