ஐந்து தலையணை, ஒரு ஏசி

ஏப்ரல் 8, செவ்வாய்

இந்த டைரியை வீட்டில் வைக்க இடமில்லை. ஸ்கேன் சென்டரில் என் மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். மதியம் டாக்டர் சாப்பிடப் போகும்போது எழுதுகிறேன். ஒரு நாளில் நான் தனியாக இருப்பது இந்த இருபது நிமிஷம்தான்.

நேற்று முதல் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அறையில்தான் தூக்கம். சாப்பிடும்போதே மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏசி எப்படியும் ஓடத்தான் போவுது. அப்புறம் ரூமுக்கு ஒரு ஃபேன் எதுக்கு? எல்லாரும் அங்கியே படுத்துக்கலாம். கரண்ட் மிச்சம்."

தையில் கல்யாணம். அந்த ஏசி என் அப்பா சீராகக் கொடுத்தது. கட்டிலும் அப்படித்தான். இப்போது கட்டிலில் முட்டிவலிக்கார அத்தையும் நாத்தனார் சிந்துஜாவும். இந்தப் பக்கம் தரையில் நான். அந்தப் பக்கம் மாமாவும் அவரும். கல்யாணமாகி மூன்றாம் மாசம், புருஷன் முகத்தைப் பார்க்கக் கட்டிலுக்கு அடியில் குனிய வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 15

ரிமோட் மாமாவின் தலையணைக்கு அடியில், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு. இருபத்தாறுக்குக் கீழே இறக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் யூனிட் எழுதுகிறார். மில்லில் ஷிப்டுக்கு ஷிப்டு எழுதிய பழக்கமாம். மில்லை மூடிப் பல வருஷம் ஆகிறது. இவர் இன்னும் மூடவில்லை.

ஏப்ரல் 22

துணி காயப்போடும் சாக்கில் அவரை மாடிப்படியில் பிடித்தேன்.

"உங்கப்பாகிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"என்னன்னு சொல்றது கலை?"

நியாயம்தான். என்னவென்று சொல்வது? ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. சேதராப்பட்டு கம்பெனியில் எவ்வளவு பெரிய மிஷினாக இருந்தாலும் பிரித்து மாட்டுகிற ஆள் — அப்பா முன்னால் வாய் திறக்காது. செம்மல் என்று பேர் வைத்தார்களே, ஊமை என்று வைத்திருக்கலாம்.

ஏப்ரல் 29

இன்று பல் தேய்க்கும்போது பேசினோம். பேஸ்ட் தீர்ந்துவிட்டதாம்.

மே 5

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எனக்கும் தலைக்கேறிவிட்டது. நேராக மாமாவிடமே பேசிப் பார்த்தேன். "அஞ்சு பேர் படுத்தா ரூம் சூடாவுது மாமா. கதவு வேற பத்து தரம் தொறக்குறோம். ஏசி கூடத்தான் இழுக்கும்."

மாமா யோசித்தார்.

"கரெக்ட்டும்மா. இனிமே கதவத் தொறக்கக் கூடாது."

கதவிடுக்கில் பழைய லுங்கியைச் சுருட்டி அடைத்தாயிற்று. எனக்கு இது தேவையா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

மே 12

நேற்று ஞாயிறு. பெரிய மார்க்கெட் பக்கம் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து, பசை கலந்து, நானும் சிந்துஜாவும் மாடித்தளம் முழுக்க இரண்டு கோட் அடித்தோம். வெயில் உள்ளே இறங்காது என்று போனில் பார்த்தது. கை முழுக்க எரிச்சல்.

"அண்ணி, இந்த வூட்டு மேல உங்களுக்கு அவ்ளோ பாசமா?" என்றாள்.

பாசமாவது! ஹால் குளிர்ந்தால் அவரவர் இடத்துக்குப் போவார்கள். அதற்குத்தான். அவளிடம் சொல்லவா முடியும்?

மே 16

ஹால் நிஜமாகவே குளிர்ந்துவிட்டது. காலண்டரிலும் யூனிட் இறங்கியிருக்கிறது. மாமா அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா குஞ்சம்மா, ஒண்ணா படுத்தா எவ்ளோ மிச்சம்! இனிமே வருஷா வருஷம் இப்படித்தான்."

வருஷா வருஷம்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மோட்டார் கரண்ட் வீணாகிறது என்று அத்தை கதவைத் தட்டினார்கள். அழுகையைக்கூட சீக்கிரம் முடிக்கணுமா?

மே 20

அம்மா போன். "எதாவது விசேஷம் உண்டாடி?"

"ஏசி நல்லா ஓடுதும்மா" என்றேன்.

மே 23

நேற்று ராத்திரி ஏசி நின்றுவிட்டது. காற்று வருகிறது, குளிரவில்லை. அவர் மாடிக்குப் போய் வெளி மிஷினைப் பார்த்துவிட்டு வந்தார். "கம்ப்ரஸர் போல இருக்குப்பா. இந்த சீசன்ல மெக்கானிக் கெடைக்க மாட்டான்."

அரை மணியில் பாய் தலையணை எல்லாம் கிளம்பிவிட்டன. அத்தையும் சிந்துஜாவும் ஹாலுக்கு. மாமா மாடிக்கு, என் சுண்ணாம்புத் தளத்தில் கடல்காற்று வாங்க. கடவுள் இருக்கிறார்.

மே 26

கடவுள் இல்லை. அவர்தான்.

இன்று அவருக்கு வார லீவு. சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் பழைய பனியனில் சுற்றி, டம்ளர் அளவில் வெள்ளி நிறத்தில் ஏதோ ஒன்று. சென்டர் ஏசிக்கு சர்வீஸ் செய்ய வந்த ராஜ்கமலிடம் காட்டினேன்.

"கெப்பாசிட்டர்க்கா. நல்லாத்தான் இருக்கு."

"இது இல்லன்னா?"

"வெளி மிஷின் ஓடாது. வெறும் காத்துதான் வரும்."

வாய் திறக்காத மனுஷன்! ஸ்பேனரை எடுத்து மிஷினைத் திறந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஒன்றரை மாசமாக நான் ஒருத்திதான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவரும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாரா?

மே 27

காலையில் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தேடாதீங்க" என்றேன் மெதுவாக. "என் டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன்."

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. சாப்பாட்டை எடுக்காமலே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார்.

ஜூன் 10

கரண்ட் பில் குறைந்து வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "ஏசிய ரிப்பேரே பண்ண வேணாம்டா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"சரிப்பா" என்றார் இவர், பச்சைப்பிள்ளை மாதிரி.

எங்கள் அறைக்கு மேற்குச் சுவர். சாயங்கால வெயில் முழுக்க அதில்தான். ஃபேன் அனலை அள்ளிக் கொட்டுகிறது. முதுகெல்லாம் வேர்க்குரு. எனக்குக் கை எட்டாத இடத்தில் அவர்தான் பவுடர் போட்டுவிடுகிறார்.